சீனியம்மாளின் வெள்ளிக்கிழமை

சீனியம்மாள் இறந்த மறுநாள், வெள்ளிக்கிழமை காலையில், அவளை ஊர்க்கோடியில் புதைத்துவிட்டு வந்தவர்கள் கண்மாயில் தலைமுழுகிக்கொண்டிருந்த நேரத்தில், ஆஸ்பத்திரியின் பின்கட்டில் கண்ணாடித் தட்டுக்குள் வளர்ந்துகொண்டிருந்த அவளுடைய தோல் மஞ்சள் பூசிக்கொண்டது. பூசிக்கொண்டது என்றுதான் சொல்ல வேண்டும். சாயம் விழுந்ததுபோல ஒரே சீராக இல்லாமல், கையால் இழுத்துத் தேய்த்ததுபோல ஒரு பக்கம் திட்டாகவும் ஒரு பக்கம் மெலிசாகவும், ஓரத்தில் வழித்துவிட்ட விரல் தடத்தோடும் இருந்தது. தட்டு இருந்த சூட்டுப் பெட்டியைத் திறந்ததும் கஸ்தூரி மஞ்சள் வாசம் குப்பென்று வந்தது.

டாக்டர் பவளக்கொடி முதலில் பூஞ்சை என்றுதான் நினைத்தாள். தோல் வளர்க்கிற எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். ஒரு துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பூஞ்சை இல்லை, கிருமி இல்லை. தேன்கூட்டு அறைகள்போல ஒன்றை ஒன்று நெருக்கிக்கொண்டு நல்ல ஆரோக்கியமான செல்கள், அத்தனையும் மஞ்சளாக. தீக்காய வார்டில் இருபத்தாறு வருஷம் இருந்த ஜெபமணி சிஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"வெள்ளிக்கிழமைல்ல டாக்டர். பொம்பள மஞ்சத் தேய்ச்சுக் குளிச்சிருக்கா."

"செத்தவங்க எப்படி சிஸ்டர் குளிப்பாங்க?"

"செத்தது அவதான? இது சாகலையே. மொதல்ல கதவச் சாத்துங்க. குளிக்கிற எடத்துல நின்னு பாத்துக்கிட்டு..."

சிஸ்டரே பெட்டியின் கதவைச் சாத்தினாள். அந்த விளக்கம் பவளக்கொடிக்கு வசதியாக இருந்தது. வசதியாக இருந்ததனால் அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் விட்டாள்.

சங்கரநத்தம் பட்டாசு ஊர். மற்ற ஊர்களில் ஒரு நாள் வெடிக்கிற தீபாவளியை இங்கே பதினோரு மாதம் கட்டி, ஒட்டி, அடுக்கி அனுப்புவார்கள். வீட்டுக்கு ஒருவருக்காவது விரல் நுனியோ காது மடலோ உருகியிருக்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் அதை விசாரிப்பதுகூட இல்லை. நெருப்பில் போனவர்களை மறுபடியும் நெருப்பில் வைப்பதில்லை என்பது அந்த ஊரின் வழக்கம். எந்தச் சாதியானாலும் மண்தான். பவளக்கொடி அந்த ஊரில் பிறந்தவள். பன்னிரண்டாம் வகுப்போடு போனவள், நாற்பத்தாறு வயதில் திரும்பி வந்தாள். நடுவில் பத்தொன்பது வருஷம் கடல் தாண்டி ஒரு குளிர் நகரத்தில் இருந்தாள். தபால்தலை அளவுத் தோலைப் பெயர்த்து, அதை செல் செல்லாகப் பிரித்து, ரோஸ்மில்க் நிறத் திரவத்தில் மிதக்கவிட்டு, உடம்புச் சூட்டில் இருக்கிற பெட்டிக்குள் வைத்து, வெங்காயச் சருகுபோல ஒரு தோல்தாளாக வளர்த்தெடுக்கிற வேலையை அங்கேதான் படித்தாள். அந்த நகரத்தில் யாராவது கெட்டில் வெந்நீரைக் காலில் கொட்டிக்கொண்டால்தான் வேலை. இந்த ஆராய்ச்சியை ஏன் சங்கரநத்தத்தில் செய்ய விரும்புகிறீர்கள் என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்தது. 'இங்கே நோயாளிகள் போதுமான அளவில் கிடைப்பார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதினாள். எழுதும்போது அது உறுத்தவில்லை. வந்து மூன்றாம் மாதம், ஆறாம் பெட்டில் சீனியம்மாளைக் கொண்டுவந்து கிடத்தியபோது, அந்த வரி திடீரென்று ஞாபகத்துக்கு வந்தது.

சீனியம்மாளுக்கு நாற்பத்து நான்கு வயது. பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற அறையில் வேலை. உடம்பில் பாதிக்கு மேல் வெந்துபோயிருந்தது. இடது தொடையில் ஒரு உள்ளங்கை அளவு நல்ல தோல் மிச்சம். பவளக்கொடி அதிலிருந்துதான் தபால்தலை அளவு எடுத்தாள். எடுத்த நாளிலிருந்து, பிள்ளையைத் தங்கை வீட்டில் விட்டுவந்தவள் விசாரிப்பதுபோல, சீனியம்மாள் தினமும் அதை விசாரித்தாள்.

"எப்படி இருக்கு தாயி எந்தோலு? நல்லா வளருதா?"

"நல்லா வளருது."

"ஒழுங்கா இருக்கா, சேட்டை கீட்டை பண்ணுதா?"

"சமத்தா இருக்கு."

"அப்ப அது எங்கப்பா வீட்டுத் தோலு. எம்மாமியா வீட்டுத் தோலுன்னா இந்நேரம் ஒங்கள ஒரு வழி பண்ணியிருக்கும்." சிரிக்கக் கூடாது, உதடு வெடித்துவிடும், ஆனாலும் சிரிப்பாள்.

வளர்ந்தது. பவளக்கொடி படித்த நகரத்தில் இருபது நாளில் முதிர்கிற தோல், சங்கரநத்தத்தின் வெக்கையோ சீனியம்மாளின் அவசரமோ, பதினேழாம் நாளே தட்டு நிறைய வந்துவிட்டது. அன்று செவ்வாய்க்கிழமை. இடுக்கியால் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தாள்; கிழியாமல் எழும்பி வந்தது. அன்றைக்கே எடுத்து வைத்திருக்கலாம்.

வைக்கவில்லை. அவளுடைய ஆராய்ச்சி பத்துப் பேருக்கானது; பத்துப் பேருக்கும் இருபதாம் நாள் தோல் வைத்து, எத்தனை நாளில் காயம் மூடுகிறது என்று பார்க்க வேண்டும். ஒன்பது பேருக்கு வைத்தாகிவிட்டது. சீனியம்மாள் பத்தாவது. அவளுக்கு மட்டும் பதினேழாம் நாளே வைத்தால் அவள் கணக்கில் சேர மாட்டாள். இன்னொரு பத்தாவது ஆள் எரிந்து வருகிறவரை காத்திருக்க வேண்டும். மூன்று நாள்தானே என்று நினைத்தாள். காய்ச்சல் இல்லை, நாடி சீராக இருக்கிறது, சிரிக்கக்கூடச் செய்கிறாள்.

"இன்னைக்கா தாயி?" என்று கேட்டாள் சீனியம்மாள். எப்படியோ அவளுக்குத் தெரிந்திருந்தது.

"இல்லைம்மா. வெள்ளிக்கிழமை."

"வெள்ளிக்கிழமையா... நல்ல நாளுதான். சரி தாயி, நான் தயாரா இருக்கேன்."

புதன்கிழமை காய்ச்சல் வந்தது. வியாழக்கிழமை பகல் நாலு மணிக்கு, வார்டுக்கு டீ வருகிற நேரத்தில், சீனியம்மாள் போய்விட்டாள். பவளக்கொடி தன் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எழுதினாள்: நோயாளி பத்து, பத்தொன்பதாம் நாள், கிருமித்தொற்றால் மரணம், ஆய்விலிருந்து நீக்கப்பட்டார். பதினேழாம் நாளுக்கான பக்கத்தில் 'தயார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தாள். ஒரே ஒரு கோடுதான். அடித்த பிறகும் அது படிக்கும்படியாகத்தான் இருந்தது.

சொந்தக்காரர் போய்விட்டால் தோலுக்கு அதற்கப்புறம் வேலையில்லை. திரவத்தைக் கொட்டிவிட்டுத் தட்டைக் கழுவிவிட வேண்டியதுதான். ஆனால் மஞ்சள் பூசிக்கொண்டிருக்கிற ஒன்றை எப்படிக் கழுவிக் கொட்டுவது? சனிக்கிழமை அது பழைய நிறத்துக்கு வந்தது. திங்கட்கிழமை தட்டின் விளிம்பைத் தாண்டி வழிந்தது. வழிந்ததை வெட்டி இன்னொரு தட்டில் வைத்தாள். மறுநாள் இரண்டும் நிறைந்திருந்தன. அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் இரண்டு தட்டும் மஞ்சள்.

அந்த வாரத்தில்தான் லாரி டிரைவர் சோலைராஜ் வந்தான். ரேடியேட்டர் மூடியைத் திறந்ததில் கொதிநீர் அடித்து வலது முன்கை முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை உரிந்து தொங்கியது. ஒருத்தர் தோல் இன்னொருத்தருக்கு ஒட்டாது. இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதை உதறிவிடும். அதுவரைக்கும் மூடி வைக்கிற பிளாஸ்திரிபோல வேண்டுமானால் உதவும். அப்படி நினைத்துத்தான், சீனியம்மாளின் மகள் மாரீஸ்வரியைக் கூப்பிட்டு அனுப்பினாள். இருபது வயசுப் பெண், பட்டாசு அட்டைப்பெட்டி ஒட்டுகிற வேலை, விரலிடுக்கில் பசை காய்ந்து வெள்ளையாக இருந்தது. கண்ணாடி வழியாகத் தட்டைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எங்கம்மா யாருக்கும் இல்லைன்னு சொன்னதில்ல டாக்டரம்மா. குடுங்க." கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து கேட்டாள்: "இத எங்கம்மாவுக்கு வைக்க நேரமில்லாமப் போச்சுல்ல?"

அப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தாள்கூட. "ஆமாம்மா. நேரமில்லாமப் போச்சு" என்றாள்.

சோலைராஜின் கை தோலை உதறவில்லை. பத்தாம் நாள் ஒட்டியது, இருபதாம் நாள் வேர் பிடித்தது, நாற்பதாம் நாள் மயிர் முளைத்தது. அவன் மாநிறம், தோல் ஒரு பிடி கூடக் கறுப்பு. முன்கையில் ஒரு தோட்டம்போல அது தனியாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை ஸ்டியரிங்கைப் பிடித்தபோது கை மஞ்சளாக இருந்தது. அவன் லாரியை ஓரங்கட்டிவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவினான், மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தான், பிறகு மோந்து பார்த்தான், பிறகு வண்டியை எடுத்தான்.

டீக்கடையில் விடுவார்களா? "என்ன சோலை அண்ணாச்சி, இன்னைக்கு வெள்ளிக்கிழமையா, விரதமா? டீ குடிப்பீகளா, இல்ல கூழு ஊத்தட்டுமா?" என்று கேட்டார்கள். "பூவும் வச்சுக்கிட்டாத்தான் நெறவா இருக்கும்" என்றார்கள். அவன் பெண்டாட்டி, "கல்யாணமாகிப் பதினாலு வருசத்துல நான் மஞ்சத் தேய்ச்சத விட இந்த மனுசன் நாலு மாசத்துல தேய்ச்சதுதான் ஜாஸ்தி" என்று தெருக்குழாயடியில் சொன்னாள். சொன்னாளே தவிர, வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கைக்கு முன்னால் அவள் குரலை உயர்த்திப் பேசுவதில்லை. அவனும் வெள்ளிக்கிழமைகளில் குடிப்பதில்லை. கேட்டால், "பொம்பளப் பிள்ள கூட இருக்கும்போது எப்படிய்யா?" என்பான்.

கேலி ஆறு மாதம்தான் ஓடியது. அதற்குள் கேலி செய்கிறவர்களிலும் பாதிப் பேருக்குத் தோல் வந்துவிட்டது. தட்டில் அது வற்றவே இல்லை. காலையில் வெட்டினால் சாயங்காலம் நிறைந்தது. கம்பி மத்தாப்பு ஷெட்டில் கால் வெந்தவள், கொதி எண்ணெயில் கை விட்ட வடைக்கடைக்காரர், சாமி கும்பிடப் போய்த் தீச்சட்டி சாய்ந்தவர், ஏட்டு ஒருவர், சர்ச்சில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் என்று இரண்டு வருஷத்தில் ஐம்பத்தேழு பேர். ஏட்டு வெள்ளிக்கிழமைகளில் முழுக்கைச் சட்டை போட்டார். ஆர்மோனியக்காரருக்குக் கழுத்தில் தோல்; ஜெபக்கூட்டத்தில் பாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் யோசித்து, அது வேதத்தில் விலக்கப்படவில்லை என்றார். தீப்பிடித்த அன்றைக்கு மருந்தை வேகமாகச் செலுத்தச் சொல்லி சீனியம்மாளை விரட்டிய கம்பெனி போர்மேனுக்கும் பிறகொரு விபத்தில் கன்னம் போய், அவள் தோலே கன்னத்தில் வந்து உட்கார்ந்தது. அவன் வெள்ளிக்கிழமைகளில் வேலைக்குப் போவதை விட்டுவிட்டான். வீட்டுக்குள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பான் என்று அவன் வீட்டில் சொன்னார்கள்.

ஐம்பத்தேழு பேரும் ஒருவருக்கொருவர் சொந்தமாகிப்போனார்கள். மேனிச் சொந்தம் என்று அதற்குப் பேரும் வந்தது. ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு மற்றவர்கள் சீர் கொண்டுபோனார்கள். தோளில் தோல் வைத்த ஒரு பையனுக்கும் கணுக்காலில் தோல் வைத்த ஒரு பெண்ணுக்கும் கல்யாணம் பேசியபோதுதான் சிக்கல் வந்தது, ஊர் கூடிவிட்டது.

"ஒரே தோலு, ஒரே ஆத்தா. மொறை பாத்தா அண்ணன் தங்கச்சியில்லப்பா?"

"யோவ், பையனுக்கு ரெண்டு இஞ்சுய்யா! ரெண்டே இஞ்சு!"

"ரெண்டு இஞ்சு ஆத்தா, ஆத்தா இல்லையா?"

மத்தியானம் வரை பேசி, கடைசியில் மாரீஸ்வரியிடம் கேட்டார்கள். அவள், "எங்கம்மா எந்தக் கல்யாணத்தையும் நிப்பாட்டுனவ இல்ல. நடத்துங்க" என்றாள். நடத்தினார்கள்.

பவளக்கொடி இதையெல்லாம் பார்த்துக்கொண்டு இருந்தாள். தோலின் ஒரு துண்டைத் தான் படித்த நகரத்துக்கு அனுப்பினாள். மூன்று வெள்ளிக்கிழமைகள் பார்த்துவிட்டு, சாதாரணத் தோல், அனுப்பியதற்கு நன்றி என்று பதில் எழுதினார்கள். கட்டுரை ஒன்பது பேரோடு நின்றது. பத்தாவது ஆள் கிடைக்காமல் இல்லை, அந்த ஊரில் அதற்கா பஞ்சம். அந்த எண்ணுக்கு நேரே இன்னொரு பெயரை எழுதக் கை வரவில்லை. தெருவில் போனால் எழுந்து நின்று கும்பிட்டார்கள். சீனியம்மாளைச் சாகவிடாமல் ஊருக்கே பகிர்ந்து கொடுத்த மகராசி என்றார்கள். அவள் வேகமாக நடக்கப் பழகினாள். வெள்ளிக்கிழமைகளில் பெட்டியைத் திறக்கும் வேலையை ஜெபமணி சிஸ்டரிடம் விட்டிருந்தாள்.

இப்படி இரண்டு வருஷம் போனது. மாரீஸ்வரிக்குக் கல்யாணமாகி, ஏழாம் மாதம் வளைகாப்பு வைத்தார்கள். தாய் இல்லாத பெண்ணுக்கு யார் முதல் வளையல் போடுவது என்று பேச்சு வந்தபோது, "எங்கம்மாதான் இருக்காகளே, ஐம்பத்தேழு எடத்துல" என்றாள். வெள்ளிக்கிழமையாகப் பார்த்து நாள் குறிக்கச் சொன்னதும் அவள்தான். அன்றைக்குத்தானே அம்மா நன்றாகத் தெரிவாள்.

வளைகாப்பில் ஆம்பளைகளுக்கு என்ன வேலை? பந்திக்கு வருவார்கள், போவார்கள். சங்கரநத்தத்தில் அன்று முதல்முறையாக ஆம்பளைகள் வேட்டியை மடித்துக்கொண்டு சமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்தார்கள். சோலைராஜ் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்தான். ஏட்டு பட்டனைக் கழற்றினார். பந்தல் முழுக்க, கையில், கழுத்தில், காலில், காதோரத்தில், துண்டு துண்டாக மஞ்சள் வெளிச்சம். போர்மேன்கூட, தலையைக் குனிந்துகொண்டு, பந்தற்காலுக்குப் பின்னால் வந்து நின்றான். ஒருத்தர் ஒருத்தராக வந்து, சந்தனத்தைத் தன்னுடைய தோலில் தொட்டு, பிறகு மாரீஸ்வரியின் கன்னத்தில் தடவினார்கள். வடைக்கடைக்காரர் அடுப்புக்குத் தவிர வேறெதற்கும் குனிந்து பழக்கமில்லாதவர். அவர் அழுதுகொண்டே தடவியதில் சந்தனம் அவள் காதுக்குள் போய்விட்டது. "சித்தப்பா, எனக்குக் காது கேக்கணும் சித்தப்பா" என்றாள். பந்தலே சிரித்தது.

"டாக்டரம்மா வாங்க. நீங்க இல்லாட்டி எங்கம்மா ஏது?" என்று, பந்தலோரம் நின்றிருந்த டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்தாள் மாரீஸ்வரி. பவளக்கொடி முன்னால் வந்து உட்கார்ந்தாள். ஒரு கையில் கிண்ணம், இரண்டு விரலில் சந்தனம். சந்தனம் தடவ வந்த அத்தனை பேரில் சீனியம்மாளின் தோல் இல்லாதவள் அவள் ஒருத்திதான்.

"எல்லாஞ் சரி டாக்டரம்மா. ஒண்ணே ஒண்ணுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல." மாரீஸ்வரி சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "எங்கம்மா வெள்ளிக்கிழம மஞ்சத் தேய்க்கவே மாட்டாக."

"ஏன்?"

"வெள்ளிக்கிழம கம்பெனியில லோடு போற நாளு. அஞ்சு மணிக்கே வேன் வந்துரும், மொகம் கழுவ நேரமிருக்காது. எங்கம்மாவுக்கு எப்பவும் செவ்வாக்கிழமதான். வேற நாள்ல பூசுனாகன்னா எங்கயோ கெளம்புறாகன்னு அர்த்தம். கலியாண வீட்டுக்கு, கோயிலுக்கு, இப்படி. சின்னப் பிள்ளையில வாசத்த வச்சே கண்டுபிடிச்சிருவேன். யம்மா எங்க போறே, நானும் வாரேன்னு காலக் கட்டிக்கிடுவேன்."

சந்தனம் தொட்ட விரல் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. நல்ல நாளுதான், சரி தாயி, நான் தயாரா இருக்கேன். இரண்டு வருஷமாக அவள் காதுக்குப் பின்னால் எங்கேயோ கிடந்த குரல், இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலக் கேட்டது. சொல்லாமல் சந்தனத்தைப் பூசிவிட்டு எழுந்து போயிருக்கலாம். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் ஐம்பத்தேழு மஞ்சள் துண்டுகளும் அவள் பக்கமே திரும்பியிருந்தன.

"மாரீஸ்வரி," என்றாள். "நான்தான் வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன்."

"என்னது?"

"தோல் செவ்வாய்க்கிழமையே தயாராயிருச்சு. உங்கம்மாவுக்கு அன்னைக்கே வச்சிருக்கலாம். நேரமில்லாமப் போகலை. நான் வைக்கலை. என் ஆராய்ச்சிக்கு இருபதாம் நாள் வேணும்னு மூணு நாள் நிறுத்தி வச்சேன். இன்னைக்கான்னு கேட்டாங்க. வெள்ளிக்கிழமைன்னு சொன்னேன். தயாரா இருக்கேன்னு சொன்னாங்க."

வளையல் சத்தம் நின்றது. சோலைராஜ் மெல்லத் தன் இடது கையை எடுத்து முன்கையை மூடிக்கொண்டான், குழந்தையின் காதைப் பொத்துவதுபோல. ஏட்டும் பொத்தினார். வரிசை முழுக்க ஒவ்வொருவராகப் பொத்தினார்கள். ஆர்மோனியக்காரர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆனால் தோல் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லா விரலிடுக்கிலும் மஞ்சள் அப்படியேதான் இருந்தது.

மாரீஸ்வரி அழவில்லை. வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு, வளையல்களைப் பார்த்துக்கொண்டு, ரொம்பத் தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அப்ப ரெண்டு வருசமா, வாராவாரம், எங்கம்மா கெளம்பி ஒக்காந்திருக்காகளா?"

பவளக்கொடி கிண்ணத்தை இன்னும் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரும் கூப்பிட வரலையேன்னு சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, மறுநாள் கழுவிட்டு, திரும்ப அடுத்த வெள்ளிக்கிழம..." அவள் நிறுத்திக்கொண்டாள். "கிண்ணத்தக் கீழ வைங்க. போய்ச் சொல்லுங்க. நீங்கதான வரச் சொன்னீக. வர வேண்டாம்னு நீங்களே போய்ச் சொல்லுங்க."

"மாரீஸ்வரி, நான்..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீக. அவுககிட்டச் சொல்லுங்க."

பவளக்கொடி கிண்ணத்தைக் கீழே வைத்தாள். விரலில் இருந்த சந்தனத்தை எதில் துடைப்பது என்று தெரியாமல் அப்படியே நடந்தாள். பந்தலை விட்டு வெளியே வரும் வரைக்கும் யாரும் எழுந்து நிற்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஜெபமணி சிஸ்டர் விஷயத்தைக் கேட்டதும் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு நர்ஸாகிவிட்டாள். "சொன்னீங்கன்னா போயிருவா டாக்டர். நாலாம் பெட்டுல ஒண்ணு, எட்டாம் பெட்டுல ஒண்ணு கெடக்கு. அதுகளுக்கு என்ன செய்ய? நாளைக்கு வர்றதுகளுக்கு என்ன செய்ய?"

"நாலுக்கும் எட்டுக்கும் இப்பவே வச்சிரலாம் சிஸ்டர். நாளைக்கு வர்றவங்களுக்கு அவங்கவங்க தோலையே வளர்ப்போம்."

"அதுக்கு மூணு வாரம் ஆகுமே. அதுவரைக்கும் தாங்கணுமே."

"ஆகும்" என்றாள் பவளக்கொடி. தாங்காமல் போகிறவர்களும் இருப்பார்கள் என்று இரண்டு பேருக்குமே தெரியும். அவள் கடன் தீர்க்கப் போவதற்கு வேறு யாரோ விலை தரப்போகிறார்கள். சொல்லாமல் இருந்தால் சீனியம்மாள் தந்துகொண்டே இருப்பாள். இரண்டில் எது நியாயம் என்று நின்று யோசித்தால் மறுபடியும் மூன்று நாள் ஆகிவிடும் என்று அவளுக்குப் பட்டது.

மஞ்சள் மணக்கிற இரண்டு தாள்களை வெட்டி, நாலாம் பெட்டுக்கும் எட்டாம் பெட்டுக்கும் வைத்துக் கட்டினாள். கை கழுவினாள். முதல் தட்டை, தபால்தலையிலிருந்து வளர்ந்த அந்த ஒரே தட்டை, பெட்டியிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். மணி நாலாகப் போனது. வார்டுக்கு டீ வருகிற சத்தம் கேட்டது. மனசுக்குள் வாக்கியங்கள் ஆங்கிலத்தில்தான் வந்தன, குறிப்பேட்டில் எழுதுவதுபோல ஆளே இல்லாத வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் தள்ளிவிட்டு, வார்டில் தினமும் பேசிய பேச்சு வருகிற வரைக்கும் காத்திருந்தாள்.

"சீனியம்மா. வெள்ளிக்கிழமைன்னு நான் சொன்னது தப்பு. செவ்வாய்க்கிழமையே கூப்பிட்டிருக்கணும். உங்களுக்குத் தெரியும், கேட்டீங்க, நான் கூப்பிடலை. வியாழக்கிழமை நீங்க போயிட்டீங்கம்மா. ஊர்க்கோடியில வேம்புக்குப் பக்கத்துல வச்சிருக்காங்க. மாரீஸ்வரிக்கு இன்னைக்கு வளைகாப்பு. நல்லா நடந்துச்சு, நான் போய்க் கெடுத்துட்டேன். இனிமே நீங்க கெளம்ப வேண்டாம். யாரையும் எதிர்பாக்க வேண்டாம். ஆறாம் பெட்டுல வேற ஆள் படுத்து, அவங்களும் எந்திரிச்சுப் போயாச்சு."

தட்டில் மஞ்சள் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு, முகத்தில் தண்ணீரை அள்ளி ஊற்றிக் கழுவினால் நெற்றியிலிருந்து வடியுமே, அப்படி ஒரு ஓரத்திலிருந்து வடிந்து, நடுவில் ஒரு நிமிஷம் தயங்கி, போயே போய்விட்டது. வாசம் மட்டும் ஜன்னல் வழியாகப் போகக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தத் தோல் ஒரு அணுவும் வளரவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் போன் அடித்தது. சோலைராஜ், எங்கேயோ நெடுஞ்சாலையில் நின்றுகொண்டு பேசினான்.

"டாக்டரம்மா, இன்னைக்கு வெறுங்கையா இருக்கு டாக்டரம்மா."

"தெரியும்."

"இனிமே வர மாட்டாகளா?"

"மாட்டாங்க."

"சொல்லாமலே இருந்திருக்கலாமே" என்றான், கோபமாகக்கூட இல்லை. பிறகு வைத்துவிட்டான். அன்றைக்கு மேலும் பலர் கூப்பிட்டார்கள். எல்லோருக்கும் அவளே எடுத்துப் பதில் சொன்னாள். போர்மேன் மட்டும் கூப்பிடவில்லை. ஆனால் அன்றைக்கும் அவன் வேலைக்குப் போகவில்லை என்று தெரிந்தது.

ஊர் இரண்டாம்முறை துக்கம் காத்தது. அந்த வார இறுதியில் எட்டாம் பெட்டுக்காரர் வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த வாரம் வந்த ஒருவர், தன் தோல் வளர்கிறவரை தாங்காமல், பன்னிரண்டாம் நாள் போய்விட்டார். ஊரில் யாரும் அதைப் பவளக்கொடியிடம் சொல்லிக் காட்டவில்லை. டீக்கடையில் அவள் தலை தெரிந்தால் பேச்சு நிற்கும், அவ்வளவுதான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சோலைராஜின் பெண்டாட்டி கல்லில் மஞ்சள் உரசி, புருஷன் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் மட்டும் தேய்த்துவிட்டாள். அவன் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினான். வடைக்கடைக்காரர் வீட்டில் கேள்விப்பட்டு அவர்களும் தேய்த்தார்கள். ஏட்டு தானே தேய்த்துக்கொண்டார், அவருக்குத் தேய்த்துவிட ஆளில்லை. இப்போதும் சங்கரநத்தத்தில் செவ்வாய்க்கிழமை காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்தால் தெரியும், கையில் ஒரு திட்டு, கழுத்தில் ஒரு திட்டு. வெளியூர்க்காரர்கள் ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்துக்கொள்வார்கள். மாரீஸ்வரி கைக்குழந்தையோடு அந்த வழியாகப் போகும்போது, ஒவ்வொருவரும் பக்கத்தில் வந்து குழந்தையை மோந்து பார்த்துவிட்டு, குழந்தைக்கும் தங்களை மோக்கக் கொடுத்துவிட்டுப் போவார்கள்.

பவளக்கொடி வேலையை விடவில்லை. தோல் என்றைக்குத் தட்டை நிறைக்கிறதோ அந்த மணி நேரத்தில் எடுத்து வைக்கிறாள். எப்போது என்று நோயாளிகள் கேட்டால் கிழமை சொல்வதில்லை. குறிப்பேட்டில் அந்தப் பக்கத்தில், அடித்த சொல்லுக்குக் கீழே, அதே சொல்லைத் தமிழில் எழுதி வைத்திருக்கிறாள்.

சீனியம்மாளின் தட்டு பெட்டியிலேயே இருக்கிறது, வெளுத்துப்போய், அசையாமல். வெள்ளிக்கிழமைகளில் பவளக்கொடி விடியுமுன் எழுந்து, தலைக்குக் குளித்து, துவைத்த புடவை கட்டிக்கொண்டு, யாரும் வருவதற்கு முன் ஆராய்ச்சிக்கூடத்தைத் திறந்து, பெட்டிக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்துகொள்கிறாள். ஜெபமணி சிஸ்டர் முதலில் சில வாரம் எட்டிப் பார்த்தாள். ஒரு தடவை, இனிமேல் இப்படி வர வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்துவிட்டு, அதைச் சொல்ல வேண்டியவள் தான் இல்லை என்று தெரிந்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனாள். நாலு மணிக்கு டீ வருகிறது. ஆறிப்போகிறது. சொல்ல வேண்டியவள் மூன்று தெரு தள்ளித்தான் இருக்கிறாள், தொட்டில் ஆட்டிக்கொண்டு, இன்னும் வரவில்லை.